எது தெளிவு என்று நீங்களே சொல்லுங்கள்

உங்கள் கண்ணாடி இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கிறது, ஐயா. படுத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு அப்படி ஆகும். வெந்நீரில் காட்டிக் காதுப்பக்கத்தை மெல்ல வளைத்தால் சரியாகிவிடும். நீங்களே செய்ய வேண்டாம், உடைத்துவிடுவீர்கள். தொழில் புத்தி, கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். சுற்றி வளைக்க மாட்டேன். ஆனால் என் தொழிலிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

எனக்குச் சின்னக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் சட்டங்கள் மாட்டிய சுவர். பின்னால் திரை போட்ட இருட்டறை, அதில் உயரமான ஒரு நாற்காலி, எதிரே எழுத்துப் பலகை. வருகிறவர் மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை வைத்து, ஒரு வில்லையைப் போட்டுக் காட்டி, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருந்துதா?" என்று கேட்பேன். மனிதர்களை எடைபோட இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பெரும்பாலோர் "மொதல்ல போட்டதுதான்" என்பார்கள். சிலர் முறைத்துக்கொண்டு, "ரெண்டுமே சரியில்ல, உங்க பலகைதான் அழுக்கா இருக்கு" என்பார்கள். இந்த இரண்டு வகையும் கண்ணாடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்.

எப்போதாவது மூன்றாவது வகை ஒன்று வரும். இரண்டு வில்லைகளையும் பார்த்துவிட்டுத் தயங்கி, "நீங்களே சொல்லுங்களேன், எது தெளிவா இருக்கு?" என்று கேட்கும். தன் கண்ணுக்கு எது தெளிவு என்பதை என்னிடம் கேட்கிறார், ஐயா. சட்டத்தைச் சரிசெய்ய அவர் காதோரம் விரல் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். முகத்தில் இன்னொரு மனிதக் கை பட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்துவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும், கூடத்துக்கு ஆள் தயார்.

கூடத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் துணிக்கிடங்காக இருந்த கட்டடம். வெள்ளையடித்த சுவர், மடக்கு நாற்காலிகள், முன்னால் தாழ்ந்த மேடை. அங்கே கூடுகிறவர்கள் தங்களை மூலத்தார் என்று சொல்லிக்கொள்வார்கள். மூலநூல் ஒன்றுதான், அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான், அதற்குப் பிறகு உலகத்தில் யார் எதை எழுதியிருந்தாலும் பாடியிருந்தாலும் அது கலப்படம். இதுதான் கொள்கை. பெயரைக் கேட்டதும் நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. மூலத்தாருக்கு அந்தச் சிரிப்பு விளங்காது. அவர்களிடம் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தானே.

தலைவரைப் பெரியவர் என்பார்கள். முன்பு ஆயுள் காப்பீடு பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தவர். சாவை நினைவூட்டிக் கையெழுத்து வாங்கிப் பழகிய குரல். அந்தக் குரலுக்குக் கூடத்தில் பஞ்சமில்லாமல் தீனி கிடைத்தது. கிட்டப்பார்வை, சாளேசுரம் இரண்டும் இருந்ததால் என்னிடம் கண்ணாடி போட வந்தார். அப்படித்தான் எனக்குப் பழக்கம். நான் நம்பிக்கையாளன் அல்ல. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டங்களுக்குத் தவறாமல் போவேன், பின்வரிசையில் உட்காருவேன். வேடிக்கை பார்க்கத்தான். வருடக்கணக்கில் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

இந்த மாதிரி இடங்களுக்கு மனிதர்கள் ஏன் போகிறார்கள் என்று படித்தவர்கள் பத்திரிகையில் எழுதுகிறார்கள். சமூகம் கைவிட்டுவிட்டதாம், வாழ்க்கைக்குப் பொருள் தேடுகிறார்களாம். பொருளாவது மண்ணாவது. ஒரு நாற்காலி, ஐயா. அவ்வளவுதான். கூடத்தில் உங்களுக்கு என்று ஒரு நாற்காலி ஒதுக்கிவைத்திருப்பார்கள். ஒருநாள் அது காலியாக இருந்தால் அடுத்தநாள் நாலு பேர் வாசலில் வந்து நின்று, "ஏன் வரல?" என்று கேட்பார்கள். வராமல் போனதற்காகக் கோபித்துக்கொள்ள நாலு பேர் கிடைத்தால் போதும், உலகம் தட்டையானது என்று சொன்னாலும் ஒரு ஆள் தலையாட்டுவான். தலையாட்டிய பிறகு, தட்டையில்லை என்கிறவனை அடிக்கவும் போவான். நம்பிக்கை முன்னால் வந்து நாற்காலி பின்னால் வருவதில்லை. நான் பார்த்தவரை ஒருவருக்குக்கூட அப்படி வந்ததில்லை.

வரைபடக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டட வரைபடம் போடும் நிறுவனம் ஒன்றில் வேலை. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். கல்யாணம் ஆகவில்லை. மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். கிட்டத்தில் கோடுகள் மங்குகின்றன என்று வந்தார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் கேட்காமலே சொன்னார்.

"ஆபீஸ்ல என்னைத் தூண்ணுதான் சார் கூப்பிடுவாங்க. ஆபீசே என்னைத் தாங்கித்தான் நிக்குதாம்."

அதைப் பெருமையாகச் சொன்னார். பேசாமல் நின்ற இடத்தில் நிற்கிறவருக்கு வைத்த கேலிப்பெயர் அது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. நானும் அன்றிலிருந்து அவரை மனதுக்குள் தூண் என்றே வைத்துக்கொண்டேன். வில்லைகளை மாற்றிக் காட்டினேன். எதிர்பார்த்ததுதான்.

"நீங்களே சொல்லுங்க சார். எனக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

அடுத்த கூட்டத்துக்கு அழைத்துப்போனேன். பெரியவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசைக்குப் பக்கத்தில் இடம். சில வாரம் கழித்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார். கூடத்திலிருந்து ஆட்கள் சாப்பாடு, மாத்திரை, போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு மாடியேறினார்கள். கதவைத் திறந்தவர் அவர்களைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாராம். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆம்பிளை. அவ்வளவு மலிவாக ஒரு மனிதன் கிடைப்பான் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அதன்பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை. புதிதாகச் சேர்ந்தவனுக்குத்தான் பக்தி முற்றும். வரையும்போது சீட்டியடிக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. பாட்டெல்லாம் கலப்படம் என்று அதை விட்டுவிட்டார். அறையிலிருந்த வானொலியைக் குப்பைத்தொட்டியில் போட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் மூலநூலை எடுத்துச் சொன்னதில், பேசிக்கொண்டிருந்த ஓரிரண்டு பேரும் பேசாமல் போனார்கள். அதையே தன் தூய்மைக்குச் சான்று என்றும் சொல்லிக்கொண்டார். ஒதுக்கிவைக்கப்பட்டவனுக்குக் கூடம் செய்கிற பெரிய உபகாரம் இது. அவன் பட்ட அவமானத்தை எடுத்து, துடைத்து, கிரீடமாக்கித் தலையில் வைத்துவிடும்.

அவருக்கு ஒரு அக்கா. வேறு ஊரில் புருஷன், இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். போனில் இவர் மூலத்தார் பெருமையைச் சொல்லப்போக, அவள் சிரித்துவிட்டாள். அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினார். பெரியவர் இதை மேடையில் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மற்றவர்கள் தட்டும்போது சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது.

கூட்டம் இல்லாத நாட்களில் வேலை முடிந்ததும் நேராக என் கடைக்கு வந்துவிடுவார். வாசல் பக்கமாக ஒரு முக்காலி போட்டுவைத்திருந்தேன். வாடிக்கைக்காரர் வந்தால் ஒதுங்கி நிற்பார், போனால் உட்காருவார். "அண்ணா, இன்னிக்கு ஒரு பெரிய மாடிப்படி போட்டேன்" என்று ஆரம்பிப்பார். நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. படி எத்தனை, திருப்பம் எங்கே, கைப்பிடி எந்தப் பக்கம் எல்லாம் சொல்வார். அந்த மாடிப்படி எனக்கு இப்போதும் மனப்பாடம், வேண்டுமானால் சொல்கிறேன். வேண்டாமா. சரி.

அவர் கண்ணில் கோளாறு இருப்பது எனக்கு முன்பே தெரியும். நேரே பார்ப்பதில் குறையில்லை, ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதால் வருவது. வலி இருக்காது, சிவக்காது, ஆளுக்கே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவர்தான் கவனிக்க வேண்டும். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார், முக்காலியைக் காலால் தேடுவார். டாக்டரிடம் போகச் சொல்லியிருக்க வேண்டியது என் கடமை. சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லையே.

கடைசியில் அக்காதான் கண்டுபிடித்தாள். தம்பி போனை எடுக்காததால் கிளம்பி வந்துவிட்டாள். கண்டிப்பான பெண், குரல் மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கும். இவர் கதவில் இடித்துக்கொண்டதை ஒரே பார்வையில் பார்த்துவிட்டுக் கண் மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். போன பார்வை திரும்பாது, ஆனால் தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சம் ஆயுளுக்கும் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். இவருக்குத் தானே விட்டுக்கொள்ள வராது, சொட்டு கன்னத்தில்தான் விழும். அவள் என் கடைக்கு வந்து குப்பியை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, நீங்க கண்ணு பாக்கறவரு. இவன் எப்படியும் சாயந்தரம் இங்கதான் வந்து உக்காரறான். மறக்காம நீங்களே சொட்டு விட்டுருங்க. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"கவலைப்படாம போங்கம்மா. எங்கிட்டதானே இருக்கான்" என்றேன்.

அவள் தங்கியிருந்த அந்தக் கொஞ்ச நாளில் தூண் மாறிப்போனார். அக்கா திட்டுவதைக் கேட்டுச் சிரித்தார். அந்தப் பெண்பிள்ளைகள் போனில், "மாமா, எப்ப வருவீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். கூடத்துக்கு ஒரு வாரம் வரவில்லை. வந்தபோது எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, ஒரு சொல்லைக் காட்டி, இதற்கு இன்னொரு பொருளும் இருக்கலாமோ என்று கேட்டார். பெரியவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். யாரும் தூணைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு மௌனத்துக்கே காலில் விழுந்திருப்பார். அன்று தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தநாள் கடைக்குள் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். எனக்கு அந்தச் சீட்டி பிடிக்கவில்லை.

"அண்ணா, அக்கா ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன். அங்கயும் எங்க கம்பெனிக் கிளை இருக்கு. இந்தப் பெரிய கட்டட வேலை முடிஞ்சதும் மாத்தல் குடுக்கறேன்னு சொல்லிட்டாங்க."

"நல்லதுதானே" என்றேன். "அண்ணாந்து உக்காருங்க."

ஒவ்வொரு மாலையும் இப்படித்தான். இருட்டறை நாற்காலியில் சாய்ந்து தலையை நிமிர்த்துவார். நான் இடக்கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் கீழிமையை இழுத்து, ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு விடுவேன். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருக்க வேண்டும். நான் நெற்றியிலிருந்து கையை எடுக்க மாட்டேன். அவர் அசையாமல் கிடப்பார், பச்சைப்பிள்ளை மாதிரி. ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. கடைக்கு விடுமுறை விட்ட நாளிலும் அவர் அறைக்குப் போய் விட்டுவந்திருக்கிறேன்.

போகிறேன் என்று அவர் சொன்ன அன்றைக்கு அடுத்தநாள் மருந்தைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, குப்பியில் உப்புநீர் நிரப்பினேன். கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டிய நீர். சுத்தத்தில் நான் குறை வைக்கவில்லை. கண்ணில் சீழ் கீழ் வைத்துவிட்டால் பாவம். புதுக் குப்பி வாங்கும்போதெல்லாம் அப்படியே செய்தேன். அக்கா போனில் கேட்டால், கடையிலேயே அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது, பார்த்தேன், எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் போய்க் கால்கடுக்க நிற்க வேண்டாம் என்பேன். அவள் வாய் நிறைய வாழ்த்துவாள்.

மாதங்கள் போயின. கோடுகள் வளைகின்றன என்று அலுவலகத்தில் புகார் வந்தது. ஒருநாள் முக்காலியில் உட்கார்ந்து, "அண்ணா, ரெண்டு பக்கமும் இருட்டிக்கிட்டு வருது. குழாய் வழியாப் பாக்கற மாதிரி இருக்கு" என்றார். 

மூலநூலில் ஓரிடத்தில், பக்கம் பாராதே என்று வரும். ஒருதலைப்பட்சமாக நடக்காதே என்பதற்காக யாரோ புத்தியுள்ளவர் எழுதிய வரியாக இருக்கும். அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"உலகத்தோட ஓரம் உதிருது தம்பி. கலப்படமெல்லாம் ஓரத்துலதான் இருக்கு. நடுவுல இருக்கறத மட்டும் உங்களுக்கு மிச்சம் வச்சிருக்கு. எல்லாருக்கும் கிடைக்குமா இது?"

நான் வேடிக்கைக்குத்தான் சொன்னேன். எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கத் தோன்றியது. அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியவர் காதுக்குப் போனதும், காப்பீட்டுக்காரர் மூளை, விடுவாரா. அவரை மேடையில் நிறுத்தி, ஓரம் உதிர்ந்தவர் என்று தலையில் தூக்கிவைத்து ஆடினார். கூடமே எழுந்து நின்றது. சிலர் பொறாமைப்பட்டார்கள், ஐயா. தங்களுக்கும் ஓரம் மங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி என் கடைக்கு வந்தார்கள். நல்ல பார்வை என்று சொன்னபோது முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்கள். இப்படிப்பட்டவர்களிடம் எனக்கு ஏன் மரியாதை இல்லை என்று கேட்டீர்கள்.

மாற்றல் பேச்சு நின்றுபோயிற்று, அக்காவோடு பேசுவதும்தான். வேலையும் போயிற்று. தூண் காலையிலேயே கடைக்கு வர ஆரம்பித்தார். பிறகு நான் போய்க் கைபிடித்து அழைத்துவந்தேன். மாடிப்படியில் ஒவ்வொரு படியாகச் சொல்லி இறக்குவேன். என் தோளில் கைவைத்துக்கொண்டு நடப்பார். தெருவில் பார்த்தவர்கள், கூடப்பிறந்தவர்கூட இப்படிக் கவனிக்க மாட்டார் என்றார்கள். அது உண்மை.

சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து நின்றது ஒரு மத்தியானம். நான் அவரைச் சாப்பிட மேசைமுன் உட்காரவைத்திருந்தேன். எதிரே தண்ணீர்க் குவளை. அவர் அதைத் தேடி மேசை முழுக்கக் கையால் தடவினார். அவள் வாசலில் நின்று பார்த்தாள். அவள் குரல் அன்று மட்டும் எழும்பவில்லை.

"என்னப் பாரு" என்றாள்.

"எங்க நிக்கற அக்கா?" என்று அவர் கேட்டார். அவள் அவருக்கு நேர் எதிரில் நின்றிருந்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். டாக்டருக்குச் சந்தேகம் வந்து குப்பியைச் சோதனைக்கு அனுப்பினார். நரம்பு செத்துவிட்டது, இனி வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும் என்று சொன்னதாகக் கேள்வி. பெரியவர் அன்றைக்கே என்னைத் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். என்னை ஜீப்பில் ஏற்றும்போது கூடத்து ஆட்கள் தெருவில் நின்றார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அவர்களில் பலரை அங்கே கொண்டுசேர்த்தவன் நான். போகட்டும், அவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்.

நான் செய்ததை ஒத்துக்கொள்கிறேன். யாரும் தூண்டவில்லை. பெரியவருக்குத் தெரியாது, அவருக்கு அவ்வளவு மூளையும் கிடையாது. வேறு யாருக்கும் இப்படிச் செய்ததில்லை. ஏன் அவருக்கு மட்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கூடத்தின் நன்மைக்கா என்றால், இல்லை. கூடம் நாசமாய்ப் போனால் எனக்கென்ன. போகிறேன் என்று சொன்னார், அதனால்தான். பழகிவிட்ட ஒருவர் அப்படித் திடுதிப்பென்று போகக் கூடாது, ஐயா. அது முறையில்லை.

அதை வைத்து என்னையும் அந்த மூன்றாவது வகையில் சேர்த்துவிடாதீர்கள். நான் கடைக்கு மேலேயே தனியாக இருந்தவன், யாரும் வந்ததில்லை, யாரும் வரவேண்டிய தேவையும் இருந்ததில்லை. எனக்குத் துணை வேண்டும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. அக்கா வீட்டில் அவர் இப்போது சீட்டியடிக்கிறாராமே, காவலர் சொன்னார். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்கவில்லை என்றாலும் பரவாயில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

எழுந்துவிட்டீர்களே. கையெழுத்து இப்போதே வேண்டாம், ஐயா. அந்த மாடிப்படியைப் பற்றி நான் இன்னும் சொல்லவே இல்லை. நாளைக்கும் நீங்கள்தானே வருவீர்கள்?